கவனம் என்னும் கைமருந்து

'மருந்து' என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். சிவகாசிப் பக்கத்தில் அப்படியல்ல. அங்கே ஒருவர் மருந்து கலக்கிறார், மருந்து செலுத்துகிறார் என்று சொன்னால், பட்டாசுக்குள் போகும் இரசாயனத் தூளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். நோயைத் தீர்ப்பதற்கும் நெருப்பை உண்டாக்குவதற்கும் நம் தாய்மொழியில் ஒரே சொல் அமைந்திருப்பது விசித்திரந்தான். இரண்டாவது மருந்தினால் உண்டான புண்ணுக்கு முதலாவது மருந்து எவ்வளவு தூரம் உதவும், அது கைவிட்டு நிற்கும் இடத்தில் வேறு ஏதேனும் துணை உண்டா என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலைக்குப் புறப்படுகிறவரைப் பார்த்து, "கவனமாய்ப் போய் வா" என்று சொல்லி அனுப்புவது எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கம். வாய் சொல்லும், காது அதைப் பெரிதாக வாங்கிக்கொள்வதில்லை. ஆனால் விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் சாலையோரத்துக் கிராமங்களில், விடியற்காலையில் தூக்குச்சட்டியும் கையுமாகப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஸ்திரீகளிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் அதன் எடையே வேறு. மழை பொய்த்துப் போகும் அந்தக் கரிசல் பூமியில், வெட்டவெளியிலே தள்ளித் தள்ளிக் கட்டப்பட்ட சிறு சிறு அறைகளில் அவர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காகவே அந்த இடைவெளி. உராய்வு ஆகாது, அடி ஆகாது, அவசரம் ஆகாது. ஒரு கணம் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும்.

எத்தனை கவனமாய் இருந்தாலும், அடுத்த அறையில் நடக்கும் தவறு இந்த அறையில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2012-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபோது 38 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துக்கள் பல. ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் பத்திரிகைகளில் இறந்தவர்களின் கணக்கு வருகிறது. நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. பிழைத்துக்கொண்டவர்களைப் பற்றியோ, "சிகிச்சை பெற்று வருகிறார்கள்" என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வருஷங்கள் இருக்கின்றன என்று நாம் யோசிப்பதில்லை.

புண் ஆறிய பிறகு

தீப்புண் பொல்லாதது. அது ஆறும்போதும் வலிக்கிறது; ஆறிய பிறகும் வலிக்கிறது. சருமம் புதிதாக மூடிக்கொண்ட பின்னர், தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு மாதக் கணக்கில் இருப்பதுண்டு. வடு இறுகி, விரல்கள் மடங்க மறுக்கும். நெருப்பினால் நரம்புகள் பழுதுபட்ட இடத்தில், தொடாமலே எரிச்சல் எடுக்கும். இவையெல்லாம் தேகத்தின் உபாதைகள்.

மனத்தின் உபாதைகள் வேறு. இராத்திரி கண்ணை மூடினால் அன்றைய சத்தம் மறுபடி கேட்கிறது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது. ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும்போது, அந்தத் தீபாவளிக்குச் சரக்குச் செய்து கொடுத்தவர் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்திக்கொள்கிறார். சிலர் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். சிலர் கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வும், பழைய பயங்கரம் திரும்பத் திரும்ப எதிரே வந்து நிற்கும் வியாதியும், தீக்காயம் பட்டவர்களிடையே மிகவும் சாதாரணம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயம். தேகத்தின் உபாதையும் மனத்தின் உபாதையும் இரண்டு தனித் தனி வீடுகளில் குடியிருப்பவை அல்ல. பயம் வலியைப் பெருக்குகிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கமின்மை மறுநாள் பயத்தைப் பெருக்குகிறது. செக்கு மாடு போல இவை சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மாத்திரை இந்தச் சுற்றை ஓரிடத்தில் தடுக்கும். வேறோர் இடத்தில் தடுக்க வேறொரு வழியும் இருக்கிறது என்று சென்ற நாற்பத்தைந்து வருஷ காலமாக உலகத்தின் பல ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வழிக்கு நம் பாஷையில் விழிப்புநிலைப் பயிற்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சிவகாசியின் பாஷையில் சொன்னால், கவனம்.

கைவிடப்பட்டவர்களின் வகுப்பு

அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள வூஸ்டர் நகரத்தில் ஒரு சர்வகலாசாலை வைத்தியக் கல்லூரி இருக்கிறது. அங்கே 1979-ம் வருஷத்தில் ஜான் கபாட்-ஸின் என்பவர் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். அவர் வைத்தியரல்லர், மூலக்கூறு உயிரியலில் பட்டம் பெற்றவர், பௌத்த தியான முறைகளை நெடுநாள் அப்பியசித்தவர். அவர் ஆஸ்பத்திரி டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "உங்களால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாதவர்களை என்னிடம் அனுப்புங்கள்."

அப்படிப்பட்டவர்களுக்கு எந்த ஊரிலும் குறைவில்லையே! தீராத முதுகுவலிக்காரர்கள், தலைவலிக்காரர்கள், பல ஆஸ்பத்திரிகளின் வாசற்படிகளைத் தேய்த்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். எட்டு வாரம் படிப்பு. வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேரம் வகுப்பு. வீட்டில் தினந்தோறும் முக்கால் மணி நேரம் அப்பியாசம். நடுவில் ஒரு நாள் முழுவதும் மௌனம். பாடங்களோ மிக எளியவை. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பது, மல்லாந்து படுத்துக்கொண்டு, கால் கட்டைவிரல் முதல் உச்சந்தலை வரையில் ஒவ்வோர் அங்கத்தையும் மனத்தினால் தொட்டுப் பார்ப்பது, சில எளிய யோகாசனங்கள், மெதுவாக நடப்பது. முதல் வகுப்பில் ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, அதைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, அவசரமில்லாமல் தின்னச் சொல்வார்கள். பாயசத்திலே எத்தனையோ திராட்சைகளை விழுங்கியிருக்கிறோம். ஒன்றின் ருசியாவது நமக்குத் தெரியுமா என்பது சந்தேகந்தான்!

இந்த வகுப்பில் யாரும் "உனக்கு வலி இல்லை என்று நினைத்துக்கொள்" என்று சொல்வதில்லை. "வலியை மறந்துவிடு" என்றும் சொல்வதில்லை. வலி இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பார் என்கிறார்கள். ஓடாமல் நின்று பார்ப்பதுதான் பாடம். 1982-ம் வருஷத்தில் கபாட்-ஸின் வெளியிட்ட முதல் அறிக்கையின்படி, தீராத வலியுடன் வந்த 51 பேரில் 100-க்கு 65 பேருக்கு வலியின் அளவு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருந்தது.

சதியும் திருச்சுழியும்

இது நம்முடைய சரக்கு அல்லவா என்று நேயர்கள் கேட்பார்கள். ஆம், நம்முடையதுதான். புத்தர் பெருமான் போதித்த 'ஸதி' என்னும் பாலி மொழிச் சொல்லிலிருந்து வந்தது இது. தமிழில் 'சதி' என்று எழுதினால் யாரோ யாருக்கோ குழி பறிப்பதாகத் தோன்றும், பயப்பட வேண்டாம். ஸம்ஸ்கிருதத்தில் 'ஸ்மிருதி' என்பதன் பாலி உருவம் அது. நினைவு, விழிப்பு என்று பொருள். இலங்கையில் பிரிட்டிஷ் உத்தியோகஸ்தராக இருந்து அங்கே பாலி கற்றுக்கொண்ட ரைஸ் டேவிட்ஸ் என்பவர், 1881-ல் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சொல்லைத்தான் இன்று உலகத்து வைத்தியப் பத்திரிகைகளெல்லாம் உச்சரிக்கின்றன.

பர்மா தேசத்து மாந்தளை நகரில் பிறந்த எஸ். என். கோயங்கா என்னும் வர்த்தகரின் கதையும் இங்கே பொருத்தமானது. அவருக்குப் பொல்லாத ஒற்றைத் தலைவலி. மார்பியா ஊசி போட்டால்தான் அடங்கும். ஊசிக்கு அடிமையாகிவிடுவோமோ என்று அஞ்சி, பல தேசத்து வைத்தியர்களிடம் காட்டியும் குணமில்லை. கடைசியில் 1955-ம் வருஷத்தில் ரங்கூனில் ஊ பா கின் என்னும் ஆசாரியரிடம் சென்றார். "தலைவலியைப் போக்குவதற்கு மட்டும் என்றால் வரவேண்டாம்" என்ற கருத்துப்பட அவர் முதலில் சொல்லிவிட்டார். மனத்தைப் பழக்குவதற்காக வா. தலைவலி போனால் அது உபலாபம் என்பது அவருடைய அபிப்பிராயம். கோயங்கா கற்றார், 1969-ல் இந்தியாவுக்கு வந்து, 2013-ல் காலமாகும் வரையில் பல்லாயிரம் பேருக்கு அதைக் கற்பித்தார்.

விருதுநகர் ஜில்லாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உரிமை உண்டு. அருப்புக்கோட்டைக்கு அப்பாலுள்ள திருச்சுழியில்தான், 1879-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, வேங்கடராமன் என்னும் குழந்தை பிறந்தது. 1896-ல், மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பதினாறு வயதுப் பையனை ஒரு நாள் மரண பயம் பிடித்துக்கொண்டது. தேகத்தில் நோய் ஒன்றும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து ஓடவும் இல்லை. கட்டை போல் படுத்துக்கொண்டு, சாவு என்பது என்ன, சாவது எது என்று நேருக்கு நேராகப் பார்த்தான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் ஸ்ரீ ரமண மகரிஷிகளாக விளங்கினார்.

மகரிஷிகளின் ஆத்ம விசாரணையும் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுக்கும் எட்டு வாரப் பயிற்சியும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. அது மலை, இது வீட்டுத் திண்ணை. ஆனால் பயத்துக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டுவது என்ற அம்சம் இரண்டுக்கும் பொது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மகரிஷிகளின் கரத்தில் புற்றுக்கட்டி கண்டபோது, 1949-ல் நான்கு தடவை சஸ்திர சிகிச்சை நடந்தது. "நமக்குத் தியானம் இருக்கிறது, கத்தி எதற்கு?" என்று அங்கே யாரும் வைத்தியர்களை விரட்டிவிடவில்லை. 1950-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி அவர் சமாதியடைந்தார். மருந்து ஒரு பக்கம், மனோநிலை ஒரு பக்கம், இரண்டும் பகையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

இரண்டு அம்புகள்

கவனிப்பதனால் வலி எப்படிக் குறையும்? புத்தர் இதற்கு ஓர் உவமை சொல்லியிருக்கிறார். ஒருவன் மீது ஓர் அம்பு தைக்கிறது, வலிக்கிறது. உடனே இரண்டாவது அம்பும் அவன் மீது தைக்கிறது. முதல் அம்பு தேகத்தின் வேதனை. இரண்டாவது அம்பு, அந்த வேதனையைப் பற்றி மனம் படும் பாடு: "ஐயோ, இது தீராது, என் கை இனி உதவாது, பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம் பண்ணுவேன்?" முதல் அம்பைப் பிடுங்குவது வைத்தியர் வேலை. இரண்டாவது அம்பை ஓரளவு நாமே தடுத்துக்கொள்ளலாம்.

இது வெறும் உவமைதானா என்று பரிசோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2011-ம் வருஷத்தில், அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில், பாடெல் ஸைதான் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 15 ஆரோக்கியமான மனிதர்களைச் சேர்த்தார்கள். அவர்களுடைய காலில் 49 டிகிரி சூடுள்ள ஒரு சிறு கருவியை வைத்து, மூளையைப் படம் பிடித்தார்கள். பிறகு நாளைக்கு 20 நிமிஷமாக நான்கே நாள் மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்து, மறுபடி அதே சூட்டை வைத்தார்கள். சூடு மாறவில்லை; கால் மாறவில்லை. ஆனால் வலியின் கடுமை 100-க்கு 40 பங்கும், வலியைத் தாங்க முடியாத தன்மை 57 பங்கும் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். இரண்டாவது அம்புதான் அதிகமாகக் குறைந்திருக்கிறது என்பதை நேயர்கள் கவனிக்கவும்.

நோயாளிகளிடம் கண்ட பலனையும் சுருக்கமாகச் சொல்கிறோம். நாட்பட்ட இடுப்புவலி உள்ள 342 பேரை மூன்று பிரிவாக்கிச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில், ஆறு மாதம் கழித்து, 100-க்கு 44 பேர் முன்னைவிட நன்றாக வேலை செய்ய முடிந்தது. எட்டு வாரப் பயிற்சி பெற்றவர்களில் 60 பேருக்கு மேல். திரும்பத் திரும்ப மனச்சோர்வு கண்டவர்களுக்காக ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று மனோதத்துவ நிபுணர்கள் இதே பயிற்சியைச் சற்று மாற்றி அமைத்தார்கள். 2000-ம் வருஷத்து ஆராய்ச்சியில், மூன்று தடவையோ அதற்கு மேலோ அந்நோய் கண்டவர்களில், சாதாரணச் சிகிச்சை மட்டும் பெற்றோருக்கு 100-க்கு 66 பேருக்கு அது திரும்பி வந்தது. பயிற்சியும் பெற்றோரில் 37 பேருக்குத்தான். போர்க்களத்துப் பயங்கரம் மனத்தை விட்டு அகலாத 116 படைவீரர்களுக்கு இதைக் கற்பித்த ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. அவர்களில் கணிசமானோருக்குத் துன்பம் தணிந்தது. வெடிச் சத்தத்தில் நடுங்கும் சிவகாசித் தொழிலாளிக்கு அந்தப் படைவீரன் தூரத்து உறவினன்தான்.

இனி, தராசின் மறு தட்டையும் பார்ப்போம். 2014-ல் 47 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து நிறுத்துப் பார்த்தார்கள். கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவற்றை இப்பயிற்சி மிதமாகக் குறைக்கிறது. ஆனால் தேகாப்பியாசம், மருந்து, மற்ற மனோசிகிச்சைகளைவிட இது உயர்ந்தது என்று சொல்ல ஆதாரமில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. இரண்டு தடவை மட்டுமே மனச்சோர்வு கண்டவர்களுக்கு 2000-ம் வருஷத்து ஆராய்ச்சியில் லாபம் தென்படவில்லை. ஆகவே இது சஞ்சீவியல்ல. சுக்கும் மிளகும் போல, வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கைமருந்து.

செய்து பார்க்கும் விதம்

எட்டு வாரப் பயிற்சிக்கு ஆசிரியர் வேண்டும். ஆனால் அதன் ருசியை அறிந்துகொள்ள மூன்று நிமிஷம் போதும். நேயர்கள் இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே செய்து பார்க்கலாம்.

முதல் நிமிஷம்: முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். இப்போது மனத்தில் என்ன ஓடுகிறது, உடம்பில் எங்கே இறுக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்தால் போதும், திருத்த வேண்டாம். இரண்டாவது நிமிஷம்: மூச்சு வந்து போகும் இடத்தில், மூக்கு நுனியிலோ வயிற்றிலோ, கவனத்தை வையுங்கள். மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். அதன் போக்கில் விடுங்கள். மனம் கடைக்குப் போகும், கடன்காரனிடம் போகும், பெண்ணின் பரீட்சைக்குப் போகும். போனது தெரிந்தவுடன், சண்டை போடாமல் திரும்ப அழைத்து வாருங்கள். நூறு தடவை போனால் நூறு தடவை அழைத்து வருவதே அப்பியாசம். மூன்றாவது நிமிஷம்: கவனத்தை மூச்சிலிருந்து விரித்து, தேகம் முழுவதையும், உட்கார்ந்திருக்கும் இடத்தையும், காதில் விழும் ஒலிகளையும் சேர்த்து உணருங்கள். அவ்வளவுதான்.

தீ விபத்திலிருந்து மீண்டவர்களுக்குச் சில விசேஷ எச்சரிக்கைகள் அவசியம். கண்ணை மூடினால் நெருப்புத் தெரிகிறவர்கள் கண்ணை மூட வேண்டாம். எதிரேயுள்ள ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். மூச்சைக் கவனித்தால் புகை நினைவு வருகிறவர்கள், உள்ளங்கால் தரையில் படும் உணர்ச்சியைக் கவனிக்கலாம். வடு உள்ள அங்கத்தில் வலுக்கட்டாயமாகக் கவனத்தை நிறுத்தக்கூடாது. சுகமாயுள்ள அங்கத்தில் ஆரம்பித்து, முடிந்தபோது அருகே போய், முடியாதபோது திரும்பிவிட வேண்டும். பயம் கூடினால் நிறுத்திவிடுவதில் குற்றமில்லை. சித்தப் பிரமை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், விபத்து நடந்த புதிதில் தாங்க முடியாத அதிர்ச்சி ஆகியவை உள்ளவர்கள் இதைத் தனியே செய்யலாகாது. மனோவைத்தியரிடம் போவதே முறை. இப்பயிற்சியை நம்பி மருந்தையோ, கட்டுப் போடுவதையோ, விரல்களுக்கான அங்கப் பயிற்சியையோ ஒருவரும் நிறுத்தக்கூடாது. இராத்திரி வேளையில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். 2022-ம் வருஷம் அக்டோபரில் சர்க்கார் ஏற்படுத்திய அந்த மனநல உதவி இரவு பகல் எந்நேரமும், தமிழிலும், இலவசமாகக் கிடைக்கிறது.

யார் கற்றுக் கொடுப்பது?

"சரி, பட்டணத்தில் பணம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் கிடைக்கும், தினக் கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு யார் கற்றுக் கொடுப்பது?" என்ற கேள்வி நியாயமானது. நம் அபிப்பிராயம், அது ஆகாத காரியமல்ல என்பதே. 2022-ம் வருஷம் ஜனவரியிலிருந்து விருதுநகரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தின் கீழ், ஊர்ப் பெண்களே தொண்டர்களாக வீடு வீடாகச் சென்று, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரை கொடுத்து வருகிறார்கள். அங்கப் பயிற்சி அளிப்பவர்களும் வீட்டுக்கே வருகிறார்கள். யோகமும் இயற்கை வைத்தியமும் படித்த டாக்டர்கள் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். மதுரையில் 1992 முதல் செல்லமுத்து அறக்கட்டளை போன்ற மனநல ஸ்தாபனங்கள் வேலை செய்து வருகின்றன. கண்ணிகள் எல்லாம் இருக்கின்றன. கோர்த்துச் சங்கிலியாக்க வேண்டியதுதான் பாக்கி. விடுமுறை நாளில் ஒரு வகுப்பு, கொச்சைத் தமிழில் ஒலிப்பதிவு செய்த பாடம், கையில் இருக்கும் போனிலேயே அதைக் கேட்கும் வசதி, மாதம் ஒரு முறை மனோவைத்தியரின் மேற்பார்வை — இவ்வளவு போதும், ஆரம்பிப்பதற்கு.

அந்நிய தேசத்தார் அளந்து பார்த்த முறையை நாம் கற்றுக்கொள்வதா என்று கூச்சப்பட வேண்டாம். 1922-ம் வருஷத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் பிரயாணமானார்கள். தீப்பெட்டி செய்யும் வித்தையைச் சில மாத காலம் அங்கே கூடவிருந்து கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். அவர்கள் கற்று வந்ததனால்தான் இந்த வறண்ட பூமியில் அடுப்புகள் எரிந்தன. வித்தையை எங்கே கற்றாலும் வீட்டுக்குக் கொண்டு வருவது சுதேசியந்தான். இதுவோ நம் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போன வித்தை. கணக்கும் அளவும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. "எங்களிடம் அப்போதே இருந்தது" என்று மார் தட்டிக்கொள்வது சுலபம். மார் தட்டுவதால் ஒருவருடைய அரிப்பும் தீராது. ஒருவருக்கும் தூக்கம் வராது.

எதைப் பொறுப்பது, எதைப் பொறாமலிருப்பது

கடைசியாக ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வலியைக் கவனித்துப் பொறுக்கக் கற்பிக்கும் வித்தையில் ஓர் ஆபத்து உண்டு. பொறுக்கத் தெரிந்தவர்கள் மேல் மேலும் மேலும் சுமை ஏற்றுவது உலக வழக்கம். அறையில் இருக்கக்கூடாத அளவுக்கு ஆட்களை அடைத்து, அனுமதியில்லாத மருந்தைக் கலக்கவிட்டு, விபத்து நேர்ந்த பின்னர், "மூச்சைக் கவனியுங்கள், மனம் அமைதியாகும்" என்று சொல்வதானால், அதைவிடக் கொடிய பரிகாசம் இல்லை. இரண்டாவது அம்பைத் தடுக்கத் தொழிலாளி கற்றுக்கொள்வது நல்லது. முதல் அம்பை எய்யாமலிருக்க முதலாளியும் அதிகாரியும் கற்றுக்கொள்வது அதைவிட நல்லது. நஷ்ட ஈடும், இன்ஷூரன்ஸும், தீக்காயத்துக்கு நல்ல சிகிச்சையும் அருகிலேயே கிடைப்பதும் அவர்களுடைய உரிமை. அவற்றின் இடத்தில் தியானத்தை வைத்து யாரும் கணக்கை முடித்துவிடக்கூடாது.

சொல்லப் போனால், விழிப்புநிலை என்பதற்குப் பொருளே உள்ளதை உள்ளபடி பார்ப்பதுதான். உள்ளபடி பார்க்கிறவன் தன் கையிலுள்ள வலியையும் பார்ப்பான்; தான் உட்கார்ந்திருக்கும் அறையின் குறையையும் பார்ப்பான். பயத்தினால் வாயடைத்துப் போயிருந்தவன், மனம் சற்றுத் தெளிந்ததும், "இந்த அறைக்கு இத்தனை பேர் ஆகாது" என்று நிதானமாகச் சொல்லக்கூடும். நல்ல கவனம் பணிவை மட்டுமல்ல, தைரியத்தையும் தரும்.

கவனம் என்பது அந்தப் பிரதேசத்து மக்களிடம் நாம் எப்போதும் எதிர்பார்ப்பது. அதில் சிறிது நாமும் திருப்பிக் கொடுக்கலாம். அடுத்த தீபாவளிக்கு நம் வீட்டுக் குழந்தை மத்தாப்புக் கொளுத்தும்போது, பொறிகள் உதிர்ந்து அடங்கும் அந்த அரை நிமிஷ நேரம் வேறெதையும் நினையாமல் அதைப் பார்ப்போம். அந்தக் கம்பியில் மருந்து தோய்த்த கை ஒன்று உண்டு. அந்தக் கை இப்போது சுகமாய் இருக்கிறதா என்று கேட்பதற்கு நமக்கு ஒரு கணம் தோன்றுமானால், விழிப்பு என்பது நம் வீட்டிலும் ஆரம்பமாகிவிட்டது என்றே அர்த்தம்.